அறுபது சென்ட் வயலும் ஒரு ஏக்கர் விளையும்: எங்கே தொடங்குவது?

தம்பி கேட்டிருப்பது இது: வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊர் வந்தாயிற்று. தக்கலைக்கும் வில்லுக்குறிக்கும் இடையே, சானல் (பாசனக் கால்வாய்) தண்ணீர் பாயும் ஏலாவில், அதாவது வயல்வெளியில், 60 சென்ட் வயல் இருக்கிறது. அதற்கு மேலே சரிவில் 1 ஏக்கர் 20 சென்ட் விளை, அதாவது மேட்டுத் தோட்டம். விளையில் 55 தென்னை, ஓரமாகக் கொஞ்சம் ரப்பர். பூச்சி, பறவை, மண் எதையும் கெடுக்காமல் விவசாயம் செய்யவேண்டும், மகசூலும் குறையக்கூடாது. அதற்குப் பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் இவற்றில் எதை எவ்வளவு தெளிக்கவேண்டும்?

கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். இப்போதைக்கு எதையும் தெளிக்கவேண்டாம். ரசாயனக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வேறொரு குப்பியைக் கையில் எடுப்பதுதான் இயற்கை விவசாயம் என்று நம்மூரில் ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. வேளாண் விரிவாக்க வேலையில் இருபத்தேழு வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் நானே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றுச் சொந்த நிலத்தில் இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நம் குமரி மாவட்டத்தில் மகசூலைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இரண்டே சங்கதி: அவசரப்பட்டு எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பது ஒன்று, நிலத்தில் எத்தனை வகை உயிர் நிற்கிறது என்பது இன்னொன்று.

முதலில் வயலைப் பார்ப்போம்.

நட்ட இருபதாம் நாள் வாக்கில் வரப்பில் நின்று பார்த்தால் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். இலைச்சுருட்டுப் புழு. பார்த்ததும் யாருக்கும் வயிறு பகீர் என்கும். கடைக்குப் போய்ச் சொன்னால் ஒரு பாட்டில் கைக்கு வந்துவிடும். ஒரு கும்பப்பூவுக்கு, அதாவது இரண்டாம் போகத்துக்கு, நானும் அப்படித்தான் 24ஆம் நாள் மருந்து அடித்தேன். புழு செத்தது, எனக்கும் நிம்மதி. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயலின் நடுவே பாய் விரித்தது போல வட்ட வட்டமாகக் காய்ந்து நின்றது. புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சி. அந்தப் போகத்தில் பாதிக்கு மேல் பதர். பக்கத்து வயல்காரப் பாட்டா மருந்துக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் சும்மா விட்டிருந்தார். அவர் வயலிலும் புகையான் இருந்தது. வட்டம் விழவில்லை.

காரணம் எளிது. புகையான் முட்டையை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கும். அங்கே மருந்து சரியாகப் போய்ச் சேராது. வெளியே ஓடித் திரிகிற சிலந்தியும், புகையான் முட்டையைத் தேடி உறிஞ்சிக் குடிக்கிற பச்சை நாவாய்ப்பூச்சியும்தான் மருந்தில் சாகும். சில நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்ன ஆளில்லை. இந்தோனேசியாவில் இதே கதை நாடு முழுக்க நடந்து, 1986இல் அரசாங்கமே 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடை செய்தது. நம் ஊரில் அந்தப் பாடத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே முதல் விதி: நட்டதில் இருந்து 40 நாள் வரை வயலில் பூச்சிமருந்து வேண்டாம். வேப்பெண்ணெய்கூட அவசியமில்லை. அந்த வயதில் நெற்பயிர் இழந்த இலைக்குப் பதில் இலை விடும், தூரும் கட்டும். அப்போது விழுகிற ஓட்டை கண்ணுக்குத்தான் கேடு, பத்தாயத்துக்குக் கேடில்லை. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1990களில் இந்த ஒரே செய்தியைத்தான் வானொலி நாடகம் போட்டுப் பரப்பினார்கள்.

சும்மா விடுவது என்றால் வயலுக்கே போகாமல் இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரம் ஒருமுறை காலையில் வயலுக்குள் இறங்கி, குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) முன்னால் குனிந்து, தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே தவிட்டு நிறத்தில் எள்ளளவு பூச்சி குதிக்கும், அது புகையான். அதே இடத்தில் முதுகில் கவட்டை போலக் கோடு போட்ட ஒரு சிலந்தி தண்ணீரின் மேலேயே ஓடும். அது ஓநாய்ச் சிலந்தி. பல இடங்களில் பத்துப் பதினைந்து குத்து பார்த்து எண்ணுங்கள். சிலந்தியே இல்லையென்றால் ஒரு தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு கிளைப்புக்கு, ஒரு புகையான் என்பது ஆபத்து எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. ஒரு சிலந்தி நம் எல்லையை இரண்டு மடங்கு தள்ளி வைக்கிறது. அதற்குக் கூலியும் கிடையாது.

அந்தச் சிலந்தி எங்கிருந்து வரும் என்று கேட்டால், சாணத்தில் இருந்து என்பேன். கேலி இல்லை. நடவு முடிந்த புதிதில் வயலில் தீமை செய்யும் பூச்சியே இருக்காது. தொழியில் (உழுது கலக்கிய சேற்றில்) மக்குகிற தழை, சாணம் இவற்றைத் தின்று கொசு போன்ற சின்னப் பூச்சிகள் பெருகும். சிலந்தி அவற்றைத் தின்று முன்கூட்டியே எண்ணிக்கையைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும். புகையான் வரும்போது பந்தி தயார். அடியுரமாகத் தழை போடுகிற பழக்கம் விட்டுப்போன வயலில் இந்தப் படை திரள்வதில்லை. மாசி, பங்குனியில் வயல் சும்மா கிடக்கும்போது கோடை மழையை வைத்துத் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, 45ஆம் நாள் பூக்கிற தறுவாயில் மடக்கி உழுதுவிட்டு முதல் போகமான கன்னிப்பூவுக்குப் போங்கள்.

அப்புறம் வரப்பு. நம் ஆட்கள் வரப்பைச் செதுக்கிச் செதுக்கி வழுக்கையாக்கி வைத்திருக்கிறார்கள். போதாததற்குக் களைக்கொல்லி வேறு. வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, எள், கேந்தி என்று பூக்கிற செடி நின்றால், முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அங்கேதான் தேனும் நிழலும். அந்தக் குளவி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது, தேன் குடிக்கக் கிடைத்தால் கூடுதல் நாள் உயிரோடு இருந்து கூடுதல் முட்டைகளைத் துளைக்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாட்டு வயல்களில் நான்கு ஆண்டுகள் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பூச்சிமருந்து 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. 5 சதவீதம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் "மருந்தை விட்டால் மகசூல் விழும்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். ஒரு சின்ன எச்சரிக்கை: பயறை வரப்பின் மேல்தளத்தில் ஒரே வரிசையாகப் போடுங்கள். நடக்க வழியில்லாமல் போட்டால் தண்ணீர் திறக்க வருகிறவர் மிதித்து நாசமாக்கிவிடுவார், சண்டை வேறு வரும்.

எலிக்குத் தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் ஊன்றி வைப்பது நம் பாட்டன் காலத்து வித்தை. பகலில் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழு பொறுக்கும், ராத்திரி கூகை வந்து உட்காரும். நெல் மணி முற்றத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் அதே மட்டையில் சில்லைக் கூட்டம் உட்கார்ந்து நம் நெல்லைத் தின்னும். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்கிற கூகையும் போய்விடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். "காலநிலைக்கு ஏற்ற விவசாயம்" என்று கூட்டங்களில் பேசுவதில் நெல்லைப் பொறுத்தவரை பாதி இங்கேதான் இருக்கிறது. வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை வெளியே விடும். நடுநடுவே வயலைக் காயவிட்டால் அந்த மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகக் குறையும், தண்ணீரும் கால்பங்கு வரை மிச்சமாகும். நம் பழைய சொல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும்.

செய்முறை: ஓரடி நீளத்தில் நாலு அல்லது ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று எடுத்து, கீழ்ப்பக்கம் முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வளைத்துத் துளை போடுங்கள். துளை உள்ள பாகம் மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தெரிகிற தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, இறங்கினால் மடை திறக்கலாம். அதுவரை மேலே வெடிப்பு தெரிந்தாலும் வேர் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நட்ட முதல் இரண்டு வாரம் களை அடங்கத் தண்ணீர் நிற்கட்டும். பூக்கிற நேரத்தில், முன்னால் ஒரு வாரம் பின்னால் ஒரு வாரம், காயவே விடக்கூடாது.

இதை எல்லா வயலுக்கும் நான் சொல்லமாட்டேன். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது, ஜூன் முதல் வாரத்தில் திறப்பதுதான் வழக்கம். ஆனால் திறந்த தண்ணீர் கடைவரம்புக்கு, அதாவது சானலின் கடைசி வயல்களுக்கு, எப்போது வரும் என்பது சானல் தூர்வாரியதையும் மேலே எத்தனை பேர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. வேண்டும்போது தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் வயலைக் காயவிடுவான். கடைவரம்புக்காரர் வந்த தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் வயல் சானலின் முன்பாதியில் இருப்பதாகத் தெரிகிறது. நீங்கள் தாராளமாகச் செய்யலாம். நீங்கள் மிச்சம் பிடிக்கிற தண்ணீர் கீழே இருப்பவருக்குத்தான் போகும். இன்னொன்று: பச்சைத் தழையை மடக்கி உழுத வயலில் தண்ணீரைத் தேக்கியே வைத்தால் மீத்தேன் இன்னும் கூடும். தழை போட்டவர்கள் காயவிடுவதையும் சேர்த்தே செய்யவேண்டும்.

யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்திவிடாதீர்கள். பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்படிச் செய்து, பயிர் மஞ்சளடித்து, "இயற்கை விவசாயம் ஏமாற்று" என்று திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இலை வண்ண அட்டை என்று ஒரு பச்சை அட்டை உண்டு, விலை பெரிதில்லை. நட்ட 14ஆம் நாளில் இருந்து வாரம் ஒருமுறை காலை எட்டில் இருந்து பத்து மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலை பத்தை, நம் உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடவேண்டும். ஆறு இலையாவது 4ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் மட்டும் மேலுரம். இதைச் செய்தாலே யூரியா தானாகக் குறையும். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிற நெல்லைப் பார்த்து நமக்குப் பெருமை, புகையானுக்கும் இலைச்சுருட்டுக்கும் விருந்து. மண்ணில் தழை சேரச் சேர, இரண்டு மூன்று வருடத்தில் அட்டையே யூரியா வேண்டாம் என்று சொல்லத் தொடங்கும்.

விதை பற்றி ஒரு வரி. நாஞ்சில் நாட்டுக் கட்டிச்சம்பா என்ற பழைய நெல்லை ஐ.ஆர். 8 உடன் கலந்துதான் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் டிபிஎஸ் 1 ரகத்தை உருவாக்கியது. பழைய ரகங்களில் இப்படிச் சரக்கு இருக்கிறது. ஆனால் சாயக்கூடிய நெடிய ரகத்தை 60 சென்டிலும் போட்டால், அறுப்பு நேரத்து மழையில் முழுக்கப் படுத்துவிடும். பத்து சென்டில் ஆசைக்குப் போடுங்கள், மீதியில் அம்பை 16 அல்லது டிபிஎஸ் 5.

இனி விளை. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

55 தென்னைக்கு அடியில் வெறும் தரை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் விளைகள் அப்படி இருந்ததில்லை. உயரத்தில் தெங்கு, அதற்குக் கீழே சக்கை (பலா), அயனி, புளி, அதில் ஏறிய நல்லமிளகு, இடையில் கமுகு, வாழை, அதற்கும் கீழே சேனை, காச்சில், சேம்பு, மஞ்சள், ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி). ஒரே வெயிலை நாலு தட்டில் பிடிக்கிற ஏற்பாடு அது. இப்போது வெளிநாட்டுப் புத்தகங்களில் பல அடுக்கு வேளாண்காடு என்று எழுதுவது அம்மாமார் அடுக்களைக்குப் பின்னால் வைத்திருந்ததைத்தான். ரப்பருக்கு விலை ஏறிய வருடங்களில் நாமே அதை வெட்டித் தட்டையாக்கினோம்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அன்று விடிந்தபோது எங்கள் ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாழை மட்டும் நட்டிருந்த தோட்டத்தில் ஒரு வாழை நிற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் மரங்கள் இடுப்பில் முறிந்து ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. என் விளையில் வாழை போயிற்று, ஒரு சக்கை மரம் வேரோடு சாய்ந்து அதில் படர்ந்திருந்த மிளகுக் கொடியையும் கொண்டுபோயிற்று, இரண்டு தென்னையின் மண்டை திருகிப் போயிற்று. ஆனால் மண்ணுக்குள் இருந்த சேனையும் காச்சிலும் சேம்பும் ஒன்றும் ஆகாமல் இருந்தன. தை, மாசியில் அந்தக் கிழங்கை விற்ற காசில்தான் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தக் கூலி கொடுத்தேன். காற்று மேலே அடித்தால் கீழே இருப்பது பிழைக்கும், வறண்டால் ஆழ வேர் பிழைக்கும், விலை விழுந்தால் விழாத ஒன்று இருக்கும். மகசூலைத் தேங்காய் எண்ணிக்கையில் மட்டும் பார்க்காமல், ஒரு சென்டில் ஒரு வருடத்தில் வீட்டுக்கு வந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் தென்னைக்கு இடையே என்ன நடலாம்? மரங்கள் இருபது வயதைத் தாண்டி உயரமாகப் போயிருந்தால் கீழே நல்ல வெளிச்சம் விழும். மட்டி வாழை வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் வாழை. தார் சிறிதுதான், ஆனால் குழந்தைக்குக் கொடுக்க மட்டிப்பழம் தேடி வருகிற வீடுகள் உண்டு. அதோடு செந்துளுவன் கொஞ்சம், ஏத்தன் கொஞ்சம். ஒரே ரகமாக நடவேண்டாம். ரகத்துக்கு ரகம் தார் தள்ளும் காலம் மாறுவதால் ஒரே காற்றில் எல்லாம் போகாது. மேற்கு ஓரத்தில் காற்றைத் தாங்க அயனியும் புளியும். வேலியில் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) கம்பு ஊன்றுங்கள். மழைக்கு முன்னால் ஊன்றினால் தானே பிடிக்கும், வருடம் இரண்டு மூன்று தடவை வெட்டித் தென்னந்தடத்தில் (மரத்தைச் சுற்றிய பாத்தியில்) போடத் தழை கிடைக்கும். காசு கொடுத்து வாங்காத தழைச்சத்து.

கதம்பையை (தேங்காய் உரிமட்டையை) எரிக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, கதம்பையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அது குடித்து வைத்த தண்ணீரைக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். சாம்பல்சத்தும் மெல்ல மெல்லக் கரையும். ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு வருடத்துக்குக் கவலையில்லை. சரிவான விளை என்பதால் வாய்க்காலைச் சரிவுக்குக் குறுக்கே எடுக்கவேண்டும். சரிவோடு எடுத்தால் மழைத்தண்ணீருக்கு ஓடை வெட்டிக் கொடுத்த கதைதான்; 2021 நவம்பர் வெள்ளத்தில் எத்தனை விளைகளின் மேல்மண் இப்படி வயலுக்குள் வந்து விழுந்தது என்று உங்கள் ஏலாக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளை ஈ பற்றியும் ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள்: ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், கீழே வாழையிலை எல்லாம் கரி பூசியது போலக் கறுப்பு. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். இதற்கும் என் பதில், மருந்து வேண்டாம். என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துவிடும். அடி ஓலையைப் பிய்த்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குஞ்சுகள் சில கறுத்துப்போய், முதுகில் வட்டமாகத் துளை விழுந்திருந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். அப்படிக் குளவி வந்த ஓலைகளைக் குளவி இல்லாத தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். கறுப்புப் பூசணத்துக்கு ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீச்சினால் போதும். நல்ல மழை வந்தால் அதுவும் வேண்டாம்.

இயற்கை விவசாயம் என்று இறங்குகிறவர்கள் தவறாமல் செய்கிற ஒரு தப்பு: சாணக்குழி. தென்னைக்குப் பக்கத்தில் சாணத்தைக் குவித்து மாதக்கணக்கில் போட்டுவிடுவார்கள். காண்டாமிருக வண்டுக்குப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி அதுதான். குழியைக் கிளறினால் ஆட்காட்டி விரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அதை மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தால் சமாளிக்கலாம். வாங்கிச் சாணக்குழியில் கலந்துவிட்டால் புழுவில் பூசணம் பிடிக்கும். நான் வாங்கச் சொல்கிற ஒரே குப்பி இதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைப் புரட்டினால், கூட்டமாக வரும் மைனாவும் கோழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ரப்பர். ரப்பரை வெட்டு என்று நான் சொல்லப்போவதில்லை. மாதாமாதம் காசு தருகிற மரத்தை வெட்டச் சொல்ல நான் யார்? ஆனால் மரத்தடியில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். அங்கே தேனீப்பெட்டி வைக்கலாம். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணி மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியதில் இருந்து நம் மாவட்டத்துக்கு இது கைவந்த தொழில். ரப்பர்த்தேன் பூவில் இருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. தை மாதம் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும். அந்தத் தளிரில் மூன்று இலையும் சேர்கிற காம்பு நுனியில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. விடியற்காலையில் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் கண்ணாடி மணி போல ஒரு துளி நிற்கும், நாக்கில் வைத்தால் தித்திக்கும். அதைத்தான் தேனீ எடுக்கிறது, மாசி, பங்குனி வரைக்கும். இந்தத் தேன் சீக்கிரம் உறைந்து ரவை ரவையாகிவிடும். சீனி கலந்தது என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

பெட்டி வைக்கிற காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் தளிருக்குக் கந்தகத்தூள் தூவுவார்கள், பூசணநோய்க்காக. முன்கூட்டிப் பேசி, தூவுகிற நாளில் பெட்டி வாசலை அடைத்துவிடுங்கள். 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் வந்து தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. அதில் இருந்து மீண்டு வந்த கூட்டங்கள் இவை. நாலு பெட்டி போதும் உங்களுக்கு. தேன் வருமானம் ஒரு பக்கம், தென்னம்பாளையில் குரும்பை கூடுதலாகப் பிடிப்பது இன்னொரு பக்கம். ஆடி, ஆவணியில் வெளியே தேன் கிடைக்காது, அப்போது சீனிப்பாகு வைக்க மறக்கக்கூடாது. மறந்து ஒரு கூட்டத்தை நான் இழந்திருக்கிறேன்.

ஏலாவும் விளையும் தனித்தனி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தேரூர்க் குளத்துக்கும் வேம்பனூர்க் குளத்துக்கும் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. பறவைகளுக்காக என்று நினைக்கிறோம். அந்தப் பறவைகள் பகலில் இரை தேடுவது நம் வயலில்தான். உழவு ஓட்டும்போது பின்னாலேயே வருகிற கொக்குக் கூட்டம் என்ன தின்கிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள்: வெட்டுக்கிளி, புழு, நண்டு. வயலைத் தூர்த்து வீட்டுமனையாக்கினால் குளத்துக்கு என்ன அங்கீகாரம் கொடுத்தும் பயனில்லை.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம்? வீட்டில் மாடு இருந்தால் செய்யுங்கள், கெடுதல் இல்லை. மாடே இல்லாமல் ஊர் ஊராகச் சாணம் தேடி அலைவதற்கு அந்த நேரத்தில் இரண்டு தடம் எடுத்துத் தழை போடலாம்.

சித்திரையில் மண்பரிசோதனைக்குக் கொடுங்கள். நம் மேற்குப் பக்கத்துச் செம்புறை மண்ணில் மழை அடித்து அடித்துச் சுண்ணாம்புச்சத்து இறங்கிப்போய், மண் புளித்துக் கிடக்கும். அந்த மண்ணில் என்ன உரம் போட்டாலும் பாதிக்குப் பாதி வேருக்குக் கிடைக்காது. அறிக்கையில் அமிலத்தன்மை கூடுதல் என்று வந்தால், மழை தொடங்கும்போது முதலில் சுண்ணாம்போ டோலமைட்டோ, இரண்டு வாரம் கழித்துத்தான் எரு. மாதிரி எடுக்கும்போது தென்னந்தடத்துக்குள் உரம் போட்ட இடத்தில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். விளையின் மேல்பக்கம், நடு, கீழ்ப்பக்கம் என்று பத்து இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, கலந்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுங்கள். வயல்மண் தனிப் பொட்டலம். ரப்பர் நிற்கிற இடத்து மண்ணும் தனி.